எல்லார்க்கும் மருத்துவம்

ஒரு நலத்திட்டத்தின் வெற்றியை எவ்வாறு அளப்பது? பிரிட்டனின் வரலாற்றைச் சான்றாக வைத்து, இதனை நான் ஆராய விரும்புகிறேன்.

1948-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள் அந்நாட்டில் தேசிய மருத்துவச் சேவை தொடங்கிற்று. அமைச்சர் அனியூரின் பெவன் முயன்று நிறுவிய அத்திட்டம், செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒருங்கே கட்டணமின்றி மருத்துவம் அளிக்க முன்வந்தது. இனி நோயில் ஏற்றத்தாழ்வு இராது என்று பலரும் நம்பினர்.

நம்பிக்கை முற்றும் பலிக்கவில்லை. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை மிகுந்த இடத்திலேதான் நல்ல மருத்துவம் அரிதாகிறது என்று 1971-இல் எழுதினார். 1977-இல் அரசு, சர் டக்ளஸ் பிளாக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 1980-இல் வெளிவந்தது. ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே இறக்கும் வாய்ப்பு, உயர்தொழில் புரிவோரைவிடச் சாதாரணக் கூலித் தொழிலாளர்க்கு இரண்டரை மடங்கு என்று அது காட்டிற்று. வருவாய், வீடு, தொழில், கல்வி ஆகியவற்றின் குறையே இதற்குப் பெருங்காரணம் என்றும் கூறிற்று. பெருஞ்செலவாகும் என்று அதன் பரிந்துரைகளை அன்றைய அரசு ஏற்கவில்லை. முதலில் வெளியிட்ட படிகளோ 260 மட்டுமே.

மருத்துவச் சேவை வீண் என்பதன்று என் கருத்து. எண்ணற்றோர்க்கு அது உயிர் அளித்தது. ஆயினும் மருத்துவமனையின் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. ஈரம் கசியும் வீட்டில் வளரும் குழந்தை, மருந்துண்டு மீண்டும் அவ்வீட்டிற்கே திரும்புகிறதன்றோ?

மாணவர்களே, சராசரி ஆயுள் உயர்ந்தது என்று கேட்டு மகிழுங்கள். உடனே, யாருடைய ஆயுள் என்றும் கேளுங்கள்.