பாட்டு முந்தியது, பயணம் பிந்தியது

1819ஆம் ஆண்டு, பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முதல்நாள். வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் ஊரின் குருமனையில் ரெஜினால்டு ஹீபர் என்ற முப்பத்தாறு வயதுக் குருவானவர் தம் மாமனாரைப் பார்க்க வந்திருந்தார். மறுநாள் ஆராதனையில் மிஷன் ஊழியத்துக்குக் காணிக்கை எடுக்க ஏற்பாடு. அதற்குப் பொருத்தமாக ஒரு பாட்டு எழுதித் தரும்படி மாமனார் கேட்டார். ஹீபர் அறையின் ஓர் ஓரமாகப் போய் அமர்ந்து, கொஞ்ச நேரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். கிரீன்லாந்திலிருந்து இந்தியா வரை உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றும் அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் நமது இலங்கை வருகிறது. தீவின் காற்றில் வீசும் வாசனையையும் கண்ணுக்கினிய காட்சியையும் போற்றிவிட்டு, அங்கே வாழும் மனிதனை இழிந்தவன் என்று தீர்ப்புச் சொல்கிறது. எழுதியவர் அதுவரை இலங்கையைக் கண்ணால் கண்டவரல்லர்.

நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன்; அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த தமிழன். வடக்கில் மிஷன் பள்ளியில் படித்த என் அம்மம்மாவுக்கு அந்தப் பாட்டு முழுவதும் ஆங்கிலத்தில் மனப்பாடம். இரண்டாம் சரணத்தையும் விடாமல், கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு பாடுவார். விடியற்காலையில் எழுந்து கிணற்றில் தண்ணீர் அள்ளி, பக்கத்து வீட்டு நோயாளிக்கும் சேர்த்துக் கஞ்சி வைக்கிற ஒரு மனுஷியின் வாயில் அந்த வரிகள் வந்தது எனக்கு இன்றும் ஆறாத மனவருத்தம்.

அன்றைய இங்கிலாந்தில் இலங்கையைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் பெரும்பாலும் போர்ச் செய்திதான். 1803இல் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது, 1815இல் கண்டி இராச்சியம் பிடிபட்டது, கடைசி அரசன் கொடியவன் என்று பரப்பப்பட்ட கதைகள், 1818இல் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. அந்தக் கிளர்ச்சியை அடக்கியவர்கள் ஊர்களையும் நெல்லையும் எரித்தார்கள் என்பதை எந்தப் பாட்டும் பாடவில்லை.

1823இல் ஹீபர் கல்கத்தாவின் பேராயரானார். இந்தியா முழுவதும், அதோடு இலங்கையும் அவர் பொறுப்பில் இருந்தன. இலங்கைக்கு அவர் வருமுன்பே இலங்கையிலிருந்து ஒருவர் அவரிடம் போய்ச் சேர்ந்தார். அவர்தான் கிறிஸ்தியான் டேவிட். தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் சீடர், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்த தமிழ் உபதேசியார். 1824இல் கல்கத்தாவில் ஹீபர் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். அங்கிலிக்கன் பேராயர் ஒருவரிடம் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. ஹீபருக்கு முன்பிருந்த பேராயர் மிடில்டன், சட்டம் இடம்கொடுக்காது என்று சொல்லி இந்தியருக்குப் பட்டம் கொடுக்கத் தயங்கினார். ஹீபருக்கு அந்தத் தயக்கம் இல்லை. டேவிட் தேர்வில் மிக நன்றாகத் தேறினார் என்றும், அவருடைய அடக்கமும் விவேகமும் நற்பண்பும் எல்லோருக்கும் பிடித்துப்போயின என்றும் கடிதத்தில் எழுதினார். பாட்டு எழுதி ஐந்து வருடத்தில் வந்த எழுத்து இது.

1825 ஆகஸ்டு மாதம் ஹீபர் பம்பாயிலிருந்து கப்பலேறி, மனைவி அமீலியாவோடு காலியில் இறங்கினார். அங்கிருந்து கொழும்புக்குக் கடலோரப் பாதை. இன்று நாங்கள் வாகன நெரிசலில் மூச்சுத் திணறும் வெள்ளவத்தைக் காலி வீதியும் அந்தத் தடத்தில்தான் கிடக்கிறது. வழிநெடுகச் சனங்கள் இருபுறமும் கயிறு கட்டிக் குருத்தோலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். அவர்கள் தங்கிய இடமெல்லாம் பந்தல் போட்டு, பூவும் பழமும் கட்டி, நிலத்தில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். நாங்கள் நிலபாவாடை என்று சொல்வது அதைத்தான். கோயில் திருவிழாவுக்கும் மணமக்களுக்கும் பெரிய மனிதருக்கும் செய்கிற மரியாதை. எருசலேமில் இயேசுவின் முன்னே ஓலையும் வஸ்திரமும் விரித்த வழக்கம் இங்கே உயிரோடு இருக்கிறதே என்று அமீலியா குறித்துவைத்தார். வேதாகமத்தில் வாசித்ததை அந்தத் தம்பதியர் எங்கள் சனங்களின் கையில் கண்டார்கள். என் மனதில் அந்தப் பயணத்தின் உச்சம் இந்த இடம்தான்.

கொழும்பில் அவர்கள் காலை வேளைகளில் கறுவாத்தோட்டத்தின் ஊடாக வண்டியில் போய்வந்தார்கள். அப்போது அது பணக்காரர் குடியிருப்பல்ல, உண்மையாகவே கறுவா வளர்ந்த தோட்டம். தீவின் கரையோரத்தில் 17,000 ஏக்கருக்கு மேல் இத்தகைய தோட்டங்கள் இருந்தன என்கிறார் அமீலியா. இந்தத் தீவின் வாசனைக் காற்றைப் பற்றி எவ்வளவோ கேள்விப்பட்டு வந்தவருக்கு அங்கே ஏமாற்றம். செடியிலிருந்து மணமே வரவில்லை. மணப்பது கறுவாதான் என்று முதலில் நம்பினார்கள். பார்த்தால் அதன் கீழே வளர்ந்த வேறொரு பூ. ஓர் இலையையோ குச்சியையோ ஒடித்தால்தான் கறுவா மணக்கும். கணவர் பாட்டில் பாடிய காற்றைப் பற்றி மனைவி நேரில் கண்டு எழுதிய உண்மை இது. காற்றைப் பற்றிய செய்தியே பிழை என்றால், மனிதனைப் பற்றிய தீர்ப்பை எதை வைத்து நம்புவது?

அந்தக் கறுவாவை உரித்தவர்கள் சாலிய மக்கள். அரசுக்கு அது கட்டாய வேலை, மறுக்க முடியாது. கறுவாவின் தனியுரிமையும் அரசின் கையில் இருந்தது. இராசகாரியம் என்ற அந்தக் கட்டாய ஊழியம் ஒழிந்தது 1832இல், தனியுரிமை நீங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. இழிவு எங்கே இருந்தது என்று கேட்டால் நான் அந்தச் சட்டத்தைத்தான் காட்டுவேன்.

கொழும்பிலிருந்து ஹீபர் கண்டிக்கும் போனார். ஞாயிறுகளில் அரசனின் பழைய கொலுமண்டபம்தான் ஆலயம்; அங்கே ஆராதனை நடத்தினார். பிறகு தெற்கே திரும்பி, செப்டம்பர் 25ஆம் திகதி பத்தேகமையில் மிஷனரிமார் கட்டிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்துவிட்டுக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

மனிதர்களைப் பற்றி அவர் எண்ணம் மாறியதற்குச் சாட்சி அவருடைய கடிதங்கள். இந்துக்களைச் சீர்கெட்டவர்களாகத் தீட்டிய சித்திரங்களைத் தம்மால் ஏற்க முடியாது என்றும், அவர்கள் இயல்பிலேயே சாந்தமும் அறிவும் உழைப்பும் உள்ளவர்கள் என்றும் எழுதினார். 1826இல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, விளைச்சலில் பாதியை அரசு எடுத்துக்கொள்ளும் இந்த வரியில் எந்த விவசாயியும் தழைக்க முடியாது என்று இலண்டனுக்கு எழுதினார். தஞ்சையில் சரபோஜி மன்னரைச் சந்தித்து, அவரைப்போல அரச நடை உள்ளவரை எங்கும் பார்த்ததில்லை என்றார். அந்த ஈஸ்டர் நாளில் தஞ்சைச் சபைக்குத் தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். அவருடைய மத நம்பிக்கை எள்ளளவும் மாறவில்லை. விக்கிரக வணக்கத்தைக் கடைசிவரை கண்டித்தார். சபைக்குள் சாதி பார்த்தவர்களிடம் அவர் காட்டிய மென்மை எனக்கு உடன்பாடில்லை. 1833இல் பேராயர் வில்சன் சபைக்குள் சாதி பார்ப்பதை உறுதியாகத் தடைசெய்ததே சரி. ஆனாலும் மனிதரை மனிதராகக் காணும் கண் அவருக்குத் திறந்திருந்தது.

1826 ஏப்ரல் 3ஆம் திகதி திருச்சிராப்பள்ளியில், தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு வந்து குளிக்க இறங்கியவர், தண்ணீரிலேயே இறந்துபோனார். வயது நாற்பத்திரண்டு. தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். பிஷப் ஹீபர் கல்லூரி என்று அவர் பெயரைத் திருச்சி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பாட்டோ அவரைவிட வேகமாக ஓடியது. 1824இல் அமெரிக்காவில் லோவல் மேசன் அதற்குப் புது மெட்டுப் போட்டார். மிஷன் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. நூறு வருடம் கழித்து, 1925இல் கல்கத்தாவில் மிஷனரிகளிடம் பேசிய காந்தியடிகள், மனிதனை இழிந்தவன் என்ற அந்த அடி தம்மைத் தைத்தது என்றும் தம் அனுபவம் அதற்கு நேர்மாறானது என்றும் சொன்னார். ஹீபரின் பயணக் குறிப்புகளும் கடிதங்களும் அமீலியாவின் இலங்கைக் குறிப்போடு 1828இலேயே அச்சேறின. பாடியவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள்?

கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், ஜிந்துப்பிட்டி மேட்டில் பரிசுத்த தோமா ஆலயம் நிற்கிறது. பிரவுன்ரிக் ஆளுநராக இருந்தபோது, 1815இல், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த ஆலயம். ஹீபர் கொழும்புக்கு வந்த நாளில் இந்த நகரத்துத் தமிழர் ஏற்கெனவே தங்கள் சொந்த ஆலயத்தில் தங்கள் மொழியில் ஆராதித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஞாயிறு பாடசாலை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஹீபரைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். 1825இல் காலி வீதியில் விரித்த நிலபாவாடையைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கல்கத்தாவுக்குப் போய்க் குருப்பட்டம் பெற்றுவந்த கிறிஸ்தியான் டேவிட்டின் பெயரைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.