வெள்ளைக் கோட்டும் கணக்குப் புத்தகமும்

பிரெஞ்சில் படித்துவிட்டு, பிறகு அரசு அலுவலகத்தில் பேரேடும் ரசீதுமாகக் காலம் தள்ளியவன் நான். அதனால்தானோ என்னவோ, பிரான்சின் 'ஆர்க்' சங்கத்தின் வரலாறு என்னை விடாமல் இழுக்கிறது.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மக்களிடம் நன்கொடை திரட்ட 1962-ல் இது தொடங்கப்பட்டது. இடம், பாரிசை அடுத்த வில்ழுயிஃப். குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் அதே ஊர். தொடங்கியவர் ழாக் குரோஸ்மரி. அவர் மருத்துவர் அல்லர், நிர்வாகி. ஆனாலும் தொலைக்காட்சி விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்து வந்து உதவி கேட்டார். மக்கள் நம்பினார்கள். சிறுகச் சிறுக அனுப்பியவர்கள் ஏராளம். உயிலில் சொத்து எழுதி வைத்தவர்களும் உண்டு. அந்நாட்டின் பெரிய தர்ம ஸ்தாபனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் போகாமலும் இல்லை. எவ்வளவு போனது என்பதுதான் கேள்வி.

1991-ல் ஒரு சட்டம் வந்தது. பொதுமக்களிடம் நிதி திரட்டும் சங்கங்களின் கணக்கை 'கூர் தே கோந்த்' பார்க்கலாம் என்றது அச்சட்டம். நெப்போலியன் காலத்தில், 1807-ல் ஏற்பட்ட தணிக்கை மன்றம் அது. 'கோந்த்' என்றால் கணக்கு. நம் காதுக்குக் கோந்து என்றுதான் விழும். பிடித்தால் விடாது என்பதால் அதுவும் பொருத்தமே!

1996 தொடக்கத்தில் அறிக்கை வெளியானது. 1993-ம் ஆண்டுக் கணக்கில், நூறு பிராங்கில் முப்பது கூட ஆராய்ச்சிக்குப் போகவில்லை. விளம்பர வேலை பார்த்த நிறுவனம் கூடுதலாகப் பில் போட்டிருந்தது. குரோஸ்மரி பதவி விலகினார். 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

நன்கொடை சரிந்தது. வேறு சங்கங்களைக் கூட ஜனங்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இழுத்து மூடியிருந்தால் ஆராய்ச்சிக்குத்தான் நஷ்டம். எனவே அரசின் சமூகத்துறைத் தணிக்கைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மிஷேல் லுக்காவைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். கணக்கு ஒழுங்குக்கு வந்தது. நம்பிக்கையும் மெல்லத் திரும்பியது. 2012-ல் 'ஆர்க்' முறைப்படி அறக்கட்டளை ஆனது. இன்றும் வில்ழுயிஃபில் இருந்துகொண்டு ஆராய்ச்சிக்கு நிதி வழங்கி வருகிறது.

புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் விஞ்ஞானிகளைத்தான் நினைக்கிறோம். பெயர் தெரியாத சில கணக்கர்களுக்கும் அதில் பங்குண்டு என்பது, என் போன்ற பழைய குமாஸ்தாவுக்குச் சற்றே பெருமை. நீங்கள் எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் தாராளமாகக் கொடுங்கள். கூடவே, ஆண்டுக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.