படம் போட்ட அட்டை வந்த வழி

படத்தைக் காட்டிப் பாடம் சொல்வது பழைய சங்கதி. 1658-இலேயே கல்வியாளர் கொமேனியுஸ் நியூரம்பர்க்கில் அச்சிட்ட படப் புத்தகத்தை வைத்து ஐரோப்பியப் பிள்ளைகள் லத்தீன் படித்தார்கள். எங்கள் மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த அட்டைக்கு அவ்வளவு வயதில்லை. அது பிறந்தது ஆந்திரத்தில், மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில். சுற்றுக் கிராமத்துப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர், எதிரே பல வகுப்புப் பிள்ளைகள். அதற்காகப் பத்மநாப ராவ், ராமா தம்பதி பாடங்களைத் துண்டு துண்டாக்கி அட்டைகளில் ஏற்றினார்கள்.

அங்கிருந்து 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளுக்கு வந்தது. கொண்டுவந்தவர் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார். 2007-08-இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழகம் முழுக்கப் போயிற்று, மதுரைக்கும் அப்படித்தான்.

அட்டையில் எனக்குப் பிடித்தது பாடப் படம் அல்ல, அடையாளப் படம். ஏதோ ஒரு விலங்கு அல்லது பறவை, பக்கத்தில் ஓர் எண். சுவரில் தொங்கிய, பாட வரிசையைக் காட்டும் ஏணி அட்டவணையிலும் அதே படம், அதே எண். எழுத்தே தெரியாத பிள்ளை தன் பாடம் எது என்று தானே பார்த்து, தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். டீச்சர் வாய் திறக்க வேண்டியிருக்காது.

பாடப் படம் அவ்வளவு சாது இல்லை. ‘ப’ எழுத்துக்குப் பசுப் படம் போட்டிருந்தால் நம்மூர்ப் பிள்ளை கணீரென்று “மாடு” என்று சொல்லும். ‘ஔ’-வுக்குக் கம்பூன்றிய ஔவையாரைக் காட்டினால் “அப்பத்தா!” குரலில் தயக்கமே இருக்காது, ஆனால் கண் எழுத்துப் பக்கமே போயிருக்காது. கூச்சப்படுகிற பிள்ளையை வாய்விட்டுப் பேசவைக்கப் படத்தை மிஞ்ச ஆளில்லைதான். அதற்காக அது வாசிப்பாகிவிடாது. முதல் ஒலியைப் பிடித்து, எழுத்தைத் தொட்டு, பிறகு படமில்லாத அட்டையில் அதே சொல்லை எழுத்துக்கூட்டிச் சொன்னால்தான் வாசிப்பு. இந்தக் கடைசிப் படியைத்தான் அவசரத்தில் பலரும் தாண்டிவிடுகிறார்கள்.

2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பயிற்சி நூல் கொடுத்தார்கள். ஆட்டமும் பாட்டும் படமும் அதிலும் உண்டு. ஒரே ஒரு தொந்தரவு: அட்டை என்றால் சட்டென்று வேறொன்றை மாற்றி வைத்துவிடலாம். நூலில் படமும் சொல்லும் ஒரே பக்கத்தில் இருந்தால், டீச்சர்தான் உள்ளங்கையை வைத்துப் படத்தை மறைத்துக்கொண்டு, “இப்ப வாசி” என்று சொல்ல வேண்டும்.