ஏழு கிணறும் ஒரு முழங்காலும்

என் அம்மா இருந்த காலத்தில் நான் கன்னியாவுக்குப் போனதே இல்லை. விடமாட்டார். ஆள் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போகிற இடம் அது. தாய் தகப்பன் உள்ள பிள்ளைக்கு அங்கே என்ன அலுவல் என்பார். முதன்முதல் போனது அவருடைய அந்தியேட்டிக்குத்தான். இரண்டாம் தடவை, ஐந்து வயதுப் பேத்தியின் முழங்காலுக்காக.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து அனுராதபுரம் வீதியில் ஐந்து மைல் போனால் கன்னியா. ஏழு சின்னச் சதுரக் கிணறுகள். கிணறு என்று பேர்தான், ஒன்றிலும் ஆளை மறைக்கிற ஆழம் இல்லை. அருகருகே இருந்தாலும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. ஒரு வாளி இதமாக இருக்கும், அடுத்த வாளி தோளைச் சுண்டும். பக்கத்தில் எரிமலை ஏதும் கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி மேலே வருகிறது.

ஊர்க்கதை வேறு. கோணமலையைப் பெயர்க்க வந்த இராவணனிடம் திருமால் கிழ அந்தணராக வந்து, உன் தாய் இறந்துவிட்டாள், கன்னியாவில் கடன் செய் என்றாராம். இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்பார் சிலர். இல்லை, கிழவரே தடியை ஊன்றினார் என்பார் வேறு சிலர். எப்படியோ, ஒரு தாயின் சாவிலிருந்து ஊறிய தண்ணீர் என்றுதான் தலைமுறை தலைமுறையாக நாங்கள் அங்கே போய் வருகிறோம். 2019 ஜூலையில் அந்த இடத்தின் உரிமைக்காகத் தமிழர் திரண்டு நின்றதன் பின்னாலும் அந்த அந்தியேட்டி வழக்கம்தான் இருந்தது.

வாதக்காரரின் கன்னியாவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எங்கள் ஒழுங்கையில் ஒரு கிழவர் இருந்தார், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். மாதம் ஒருக்கா போய் நூறு வாளி வார்த்துவிட்டு வருவார். வீட்டில் நொச்சி இலை அவித்த தண்ணீர், அங்கே கன்னியாத் தண்ணீர். அவருக்கு அது சரி. பேத்திக்கும் வாதம் என்று வைத்தியர் சொன்னபோது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாதமா என்று நான் கேட்டேன். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

லண்டனில் ஜோர்ஜ் பிரெடெரிக் ஸ்டில் என்ற இளம் வைத்தியர் 1897இலேயே அதற்குப் பதில் எழுதியிருக்கிறார். கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையில் கண்ட 22 பிள்ளைகளை வைத்து, இது பெரியவர்களின் வாதம் குட்டியாக வந்தது அல்ல, வேறு நோய் என்றார். அப்போது எங்கள் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் போர்க்கப்பல்கள் நின்றன. அவர் எழுதியது நூற்றிருபது வருடம் கழித்தும் என் காதுக்கு வரவில்லை. பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, ஆறு கிழமைக்கு மேல் மூட்டு வீங்கிக் கிடந்து, வேறு காரணமும் பிடிபடாவிட்டால் சிறுவர் மூட்டுவாதம் என்கிறார்கள்.

காலையில் பிள்ளை கட்டிலால் இறங்கவே அரை மணித்தியாலம் செல்லும். வெந்நீர் வார்த்தால் விறைப்பு இளகும்; கன்னியாவைப் பற்றிக் கிழவர் சொன்னது அந்தளவுக்கு மெய். அதனால்தான் அம்மாவின் சொல்லை மீறினேன். "செத்தவீட்டுக்காரர் போற இடத்துக்குக் குழந்தையைக் கொண்டு போறியோ?" என்று என் மச்சாள் மூன்று நாள் கதைக்கவில்லை.

அங்கேதான் கண்டேன். பேத்தியின் தலையைத் துவட்டிவிட்டு வெயில் பக்கம் அவள் முகத்தைத் திருப்பினேன். இடது கண்ணின் கறுப்பு வட்டம் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் புளியங்கொட்டை மாதிரி நசிந்து கிடந்தது. சிவப்பில்லை, நோவில்லை, கண்ணீர்கூட இல்லை. கொஞ்ச நாளாகத் தலையைச் சரித்துத் தொலைக்காட்சி பார்த்தது ஞாபகம் வந்தது. செல்லம் என்று நினைத்திருந்தோம். மூன்று மாதத்துக்கு ஒருக்கா கண் காட்டச் சொல்லி வைத்தியர் தந்த துண்டை, மழை, பள்ளிக்கூடம், கலியாணவீடு என்று ஒத்திப்போட்டதும் நாங்கள்தான்.

அன்றிரவே கொழும்பு ரயில். விளக்குப் பொருத்திய உருப்பெருக்கியால் பார்த்த கண் வைத்தியர், கண்ணுக்குள் அழற்சி, கருவிழித்திரை வில்லையோடு ஒட்டியிருக்கிறது என்றார். மூட்டுவாதப் பிள்ளைகளின் கண்ணைப் பற்றி ஓம் என்ற ஜெர்மன்காரர் 1910இலேயே எழுதியிருக்கிறாராம். சொட்டு மருந்து இரண்டு வகை. பிறகு கிழமைக்கு ஒருநாள் மட்டும் மெதோட்ரெக்சேட். 1992இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்க வைத்தியர்களும் சோவியத் வைத்தியர்களும் சேர்ந்து 127 பிள்ளைகளை வைத்துச் சோதித்துப் பார்த்த மருந்து அது. ஆயுதத்தை எண்ணிக்கொண்டிருந்த இரண்டு நாடும் இதையும் எண்ணியிருக்கின்றன. நான் ஒரு கொப்பி போட்டேன்: விறைப்பு எத்தனை நிமிடம், காய்ச்சல் உண்டா, சொட்டு விட்ட நேரம். சனிக்கிழமைக்குச் சிவப்பு மையால் வட்டம், அது மாத்திரை நாள்.

ரயிலில் அழுதவளுக்குச் சொன்ன கதையொன்று உண்டு. எமர்சன் டெனன்ட் என்ற துரை 1859இல் இலங்கையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அதில் கன்னியா வெந்நீரில் கிடைத்த மீன்களையும் சேர்த்திருக்கிறார். மீன் அவியாதா என்று கேட்டாள். நீயே போய்ப் பார் என்றேன்.

நாலு மாதம் கழித்துப் போனோம். சொட்டு மருந்தால் வெயில் கூசும் என்று தொப்பி போட்டிருந்தாள். முழங்காலைத் தானே மடக்கி ஒவ்வொரு கிணற்றுக் கட்டிலும் குந்தி, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் தண்ணீருக்குள் பார்த்தாள். ஏழாவதும் முடிந்தது.

"மணல் தெரியுது. ஒரு பத்து ரூபாக் குத்தியும் கிடக்கு. மீனைக் காணேல்லை அம்மம்மா. அந்தத் துரை பொய் எழுதியிருக்கிறார்."