இளவட்டக்கல்லும் பத்து நொடியும்

களக்காட்டிலிருந்து மலையை மேற்கே வைத்துக்கொண்டு தெற்கு நோக்கிச் சென்றால் பணகுடி வரும். அதன் அருகிலுள்ள வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடைபெறுகிறது. கற்கள் ஒரே எடையின அல்ல. 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை படிப்படியாக ஏறுகின்றன. குனிந்து பற்றி, தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்புறமாக எறியவேண்டும். வழவழப்பான உருண்டைக் கல்லில் கைப்பிடிக்க இடமில்லை என்பதே இதன் கடுமை.

தூக்கியவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்பது தென்மாவட்டங்களில் வழங்கும் பேச்சு. ஏறுதழுவலுக்கு முல்லைக்கலி கிடைத்தது. கல்லுக்கு அப்படியொரு புலவன் வாய்க்கவில்லை. வீரம் என்ற ஒற்றைச் சொல்லால் நாமும் இதைக் கடந்துவிடுகிறோம். அந்தச் சில நொடிகளில் உடம்புக்குள் நிகழ்வது என்ன என்று கேட்பதில்லை.

தசை சுருங்குவதற்கான ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு தருகிறது. அதன் கையிருப்பு ஓரிரு நொடிகளுக்கே காணும். தீரத்தீர அதைப் புதுப்பிப்பது பாஸ்போகிரியேட்டின். இரண்டும் சேர்ந்து முழுமூச்சான உழைப்பை ஏறத்தாழப் பத்து நொடி தாங்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டே கல்லைத் தூக்கிவிட முடிவது இதனால்தான். (அடக்கிய மூச்சு வயிற்றில் அழுத்தம் ஏற்றி முதுகெலும்புக்கு முட்டுக்கொடுக்கிறது; இரத்த அழுத்தத்தையும் அக்கணத்தில் மிக உயர்த்திவிடுகிறது. இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிற்பது நல்லது.) கல் விழுந்தபின் வாங்கும் பெருமூச்சு, செலவான இருப்பை மீண்டும் நிரப்புவதற்கு. ஏ.வி. ஹில் 1920களில் அதை 'ஆக்சிஜன் கடன்' என்றார்.

அந்தப் பாஸ்போகிரியேட்டினை 1927இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து கண்டறிந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் அதைக் கண்டனர். நம் கல்லூரி மலர்களில் சுப்பாராவின் பெயரை நான் அதிகம் பார்த்ததில்லை.

படிப்படியாக ஏறும் எடைக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களின் தளர்ந்த தசைகளுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிய எடையைக் கொடுத்து, அம்முறையை 1945இல் மருத்துவ இதழில் எழுதியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க மருத்துவர். பழகியதற்குச் சற்று மேலான சுமை வந்தால்தான் உடல் தன்னை மாற்றிக்கொள்கிறது. முதல் சில வாரங்களில் தசை பெருப்பதில்லை. இருக்கும் தசைநார்களை மிகுதியாக இயக்க நரம்புகளே கற்றுக்கொள்கின்றன. சிறிய கல்லில் பழகும் விடலையின் உடம்பில் நடப்பதும் இதுவே.

ஆனால் கல் அளப்பது வலிமையை மட்டும். இதயமும் நுரையீரலும் மணிக்கணக்கில் ஈடுகொடுக்கும் தாங்குதிறன் வேறு. லண்டன் பேருந்துகளில் அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாளெல்லாம் மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று ஜெரமி மாரிஸ் குழுவினர் 1953இல் காட்டியது இந்தத் திறனின் மதிப்பைத்தான். பச்சையாற்றுப் பாசன வயல்களில் காலைமுதல் குனிந்து நாற்று நட்ட பெண்களிடம் அது இருந்தது. அவர்களுக்கு ஊர் எந்தக் கல்லையும் வைக்கவில்லை. பெயர் சொல்லிக் கைதட்டவுமில்லை. நெடுங்காலம் கழித்து வடலிவிளைப் போட்டியில் பெண்களும் கலந்துகொள்ளத் தொடங்கினர். அங்கும் அளக்கப்படுவது அந்தப் பத்து நொடிதான்.