பிரஷர் குக்கரும் ஒரு பாத்திரச் சமையலும்

அரிசியையும் பருப்பையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து உண்பது இந்தியாவுக்குப் புதிதன்று. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இபின் பதூதா, அரிசியும் பச்சைப் பயறும் சேர்ந்த கிச்சடியைத் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். அக்பர் காலத்து அயினி அக்பரியிலும் கிச்சடிக்கு அளவு தரப்பட்டுள்ளது. அதில் அரிசி, பருப்பு, நெய் மூன்றும் சம அளவு! கொங்கு நாட்டின் அரிசி பருப்புச் சாதம், நெல்லையின் கூட்டாஞ்சோறு, கன்னட நாட்டின் பிசிபேளே பாத் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஆனால் இவற்றில் எதுவும் விரைவுச் சமையல் அன்று. விறகடுப்பில் துவரம் பருப்பு குழைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அடி பிடிக்காமல் கிளறவும், பொங்கி வழியாமல் பார்க்கவும், தீயைத் தள்ளிவிடவும் ஒருவர் அடுப்பருகிலேயே இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்பி ஏழரைக்குள் இலை போடுவது அந்த முறையில் கடினம். அதை எளிதாக்கியது பிரஷர் குக்கர் எனப்படும் அழுத்தச் சமையற்கலன். அதன் தத்துவம் 1679இலேயே தெரிந்துவிட்டது. இந்தியாவில் குக்கர் உற்பத்தி தொடங்கியதோ 1959இல். இடையில் 280 ஆண்டுகள். இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் அறிவுக் குறை அன்று. மூடிய பாத்திரத்துக்குள் அடைபட்ட நீராவியை மக்கள் நம்ப மறுத்ததே முதன்மைக் காரணம். அந்த அச்சமும் நியாயமானதே.

எலும்பை மென்மையாக்கும் இயந்திரம்

டெனிஸ் பாப்பின் 1647இல் பிரான்சின் புளுவா நகருக்கு அருகில் பிறந்தவர். மருத்துவம் படித்தார். பாரிசில் ஹைகன்சிடமும், பின்னர் லண்டனில் இராபர்ட் பாயிலிடமும் உதவியாளராகப் பணியாற்றினார். வளிமங்களின் அழுத்தத்தை ஆராய்ந்த பாயிலின் ஆய்வகத்தில் இருந்தவருக்கு, நீராவியைச் சமையலுக்குப் பயன்படுத்தும் எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

1679இல் லண்டன் அரச கழகத்தில் தம் கலனை அவர் காட்டினார். தடித்த உலோகப் பாத்திரம், திருகால் இறுக்கப்பட்ட மூடி. 1681இல் அது பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். எலும்பை மென்மையாக்குவதே அக்கலனின் முதல் வேலையாக நூலின் தலைப்பிலேயே குறிக்கப்பட்டது. வீணாகும் எலும்பிலிருந்து, குறைந்த நிலக்கரியில் சத்தான உணவு எடுக்கலாம் என்பது அவரது கணக்கு. அழுத்தம் மிகுந்தால் நீராவி தானே வெளியேற, நெம்புகோலில் எடை தொங்கவிட்ட ஒரு வால்வையும் அமைத்தார். இன்று குக்கர் மூடியில் உட்கார்ந்திருக்கும் வெயிட்டின் மூதாதை அதுவே.

1682 ஏப்ரல் 12 அன்று அரச கழக உறுப்பினர்களுக்கு அக்கலனில் சமைத்த விருந்து நடந்தது. அதில் கலந்துகொண்ட ஜான் ஈவ்லின், கடினமான மாட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல் மென்மையாகிவிட்டதையும், அதற்கு எட்டு அவுன்சுக்கும் குறைவான, அதாவது கால் கிலோவுக்கும் குறைவான கரியே செலவானதையும் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதினார்.

விருந்து சிறந்தது, கலன் வீடுகளுக்குள் போகவில்லை. கனமானது, விலை மிக்கது, வெடிக்கக்கூடியது என்னும் மூன்று குறைகள் அதற்கு இருந்தன. பாப்பினின் சிந்தனை வேறு திசையில் பயன்பட்டது. மூடிக்குள் திமிறும் நீராவி ஓர் உந்துதண்டைத் தள்ளும் என்று 1690இல் அவர் எழுதியது நீராவிப் பொறியின் வரலாற்றில் முக்கியமான படி. புராட்டஸ்டன்டு சமயத்தவர் என்பதால் 1685க்குப் பின் பிரான்சுக்குத் திரும்ப இயலாமல் செருமனியில் பேராசிரியராக இருந்தார். முதுமையில் லண்டனில் வறுமையில் இறந்தார்.

வெப்பமும் அழுத்தமும்

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். அதன்பின் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை உயராது. தண்ணீர் விரைவாக ஆவியாகும், அவ்வளவே. உதகமண்டலம் போன்ற உயரமான ஊரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேக நேரமாவது இதனால்தான். குக்கருக்குள் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வெயிட் வால்வு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 பாகை வரை சூடாகிறது. வேகும் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

ஆய்வகத்திலிருந்து அடுக்களைக்கு

19ஆம் நூற்றாண்டில் இத்தத்துவம் சமையலறையை விட மருத்துவத்துக்கே அதிகம் பயன்பட்டது. பாஸ்டரின் உடனுழைப்பாளர் சார்லசு சாம்பர்லாண்டு 1879இல் உருவாக்கிய நுண்ணுயிர் நீக்கும் கலன் ஒரு வகையில் பெரிய குக்கரே. உணவைப் புட்டிகளில் அடைக்கும் தொழிலும் இதைக் கையிலெடுத்தது. கைக்கு அடக்கமான வீட்டுக் குக்கர் அமெரிக்காவில் 1930களின் இறுதியில்தான் பரவலாக அறிமுகமாயிற்று. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வந்தது. உடனே போர் மூண்டு அலுமினியம் முழுவதும் விமானங்களுக்குப் போனது. போர் முடிந்ததும் பல நிறுவனங்கள் அவசர அவசரமாகத் தரமற்ற குக்கர்களைச் சந்தையில் கொட்டின. அவற்றால் ஏற்பட்ட கெட்ட பெயர் அமெரிக்கச் சமையலறைகளில் நெடுநாள் நீடித்தது.

இந்தியாவில்

இந்தியாவில் இதற்கு முன்னோடியாக வேறொரு கலன் இருந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 1910இல் 'இக்மிக் குக்கர்' என்பதை உருவாக்கினார். அடியில் கரி, மேலே அடுக்கடுக்காகச் சோறு, பருப்பு, காய்கறிக்குத் தனித்தனிக் கிண்ணங்கள். அழுத்தம் இல்லை, நீராவியில் மெதுவாக வேகும். காலையில் மூட்டிவிட்டு அலுவலகம் போய்விடலாம். குக்கருக்குள் அடுக்குப் பாத்திரம் வைக்கும் இன்றைய வழக்கத்துக்கு இது மிக நெருங்கியது.

1959இல் இரண்டு நிறுவனங்கள் பிரித்தானியத் தொழில்நுட்ப உதவியுடன் இந்தியாவில் பிரஷர் குக்கர் தயாரிக்கத் தொடங்கின. பம்பாயில் ஹாக்கின்ஸ், பெங்களூரில் பிரெஸ்டீஜ். பிந்தையது, டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1928இல் சென்னையில் தொடங்கிய வணிகக் குழுமத்தைச் சேர்ந்தது. தமிழ்ச் சமையல் நூல்களில் புகழ்பெற்ற மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வெளிவந்து அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

அச்சம் இங்கும் தொடர்ந்தது. குக்கர் வெடித்த செய்திகள் விற்பனையைப் பாதித்தன. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி. டி. ஜெகந்நாதன் பொறுப்பேற்ற பின் காரணத்தைத் தேடினார். வெப்பம் மிகுந்தால் உருகி நீராவிக்கு வழிவிட வேண்டிய பாதுகாப்பு வால்வுக்குப் பதிலாக, உருகாத போலி வால்வுகள் கடைகளில் விற்கப்பட்டது தெரியவந்தது. வாங்குபவர் போலியைப் பொருத்தினாலும் ஆபத்து நேராதபடி, மூடியின் விளிம்பில் ஒரு திறப்பு அமைக்கப்பட்டது. அழுத்தம் எல்லை மீறினால் ரப்பர் கேஸ்கட் அத்திறப்பின் வழியே பிதுங்கி நீராவியை வெளியேற்றும். ஹாக்கின்ஸ் வேறு வழியில் சென்றது. அதன் மூடி பாத்திரத்தின் உட்புறமிருந்து பொருந்துவதால், உள்ளே அழுத்தம் இருக்கும்வரை திறக்கவே வராது. இவ்வேற்பாடுகளே குக்கரை வீட்டுக்குள் நிலைநிறுத்தின, விளம்பரங்கள் அல்ல. 1980களில் பெரிதும் பேசப்பட்ட குக்கர் விளம்பரம், மனைவி மீது அன்புள்ள கணவனை நோக்கியே பேசியது. அடுப்பருகே நிற்கும் வேலையை இன்னொருவர் பகிர்ந்துகொள்ளலாமே என்ற பேச்சு அதில் இல்லை.

விசில் கணக்கு

இந்தியாவில் குக்கர் நேரத்தை விசிலால் அளக்கிறோம். உண்மையில் விசில் சீரான அளவு அன்று. பாத்திரத்தின் கொள்ளளவு, தண்ணீர், தீயின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஐந்து லிட்டர் குக்கரின் மூன்று விசில், இரண்டு லிட்டர் குக்கரின் மூன்று விசிலுக்கு ஈடாகாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடங்களைக் கணக்கிடுவதே சரியான முறை, எரிபொருளும் மிச்சமாகும்.

ஒரு பாத்திர இரவு உணவுக்கு அரிசி பருப்புச் சாதம் நல்ல எடுத்துக்காட்டு. குக்கரிலேயே எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி தாளித்து, ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்கு துவரம் பருப்பும் மூன்று முதல் மூன்றரைப் பங்கு தண்ணீரும், மஞ்சள் தூள், உப்பும் சேர்த்து மூடினால் போதும். கழுவ வேண்டியதும் அந்த ஒரே பாத்திரம்தான். சாம்பார் சாதமானால் புளிக் கரைசலை முதலிலேயே ஊற்றக் கூடாது. புளிப்பு பருப்பை வேகவிடாது. குக்கரைத் திறந்த பின் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். அரிசி, பருப்பு வேகும்போது நுரை எழுந்து நீராவித் துளையை அடைக்கும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பாப்பின் காலத்திலிருந்து மாறாத ஆபத்து இந்த அடைப்புதான்.

இந்தியாவில் வீட்டுக் குக்கர்களுக்கான தர அளவை ஐ.எஸ். 2347 என்பதாகும். 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி அவற்றை விற்க முடியாது. மின்சாரத்தில் இயங்கும் பன்முகக் குக்கர்கள் 2010க்குப் பின் பரவின. அவற்றில் விசில் இல்லை, நிமிடம்தான். ஆகவே, பழைய குறிப்பில் 'நான்கு விசில்' என்று எழுதி வைத்திருப்பவர்கள் ஒருமுறை கடிகாரம் பார்த்துச் சமைத்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.