தொலைவிலுள்ள மெசேஜ் கியூவிலிருந்து செய்திகளை எடுப்பது எப்படி?

இணையக் கடையில் பணம் கட்டியதும் ரசீது மின்னஞ்சலில் வருகிறது. பெரும்பாலும் பணத்தைப் பெற்ற புரோகிராமே அதை அனுப்புவதில்லை. 'இந்த ஆர்டருக்கு ரசீது அனுப்பு' என்று ஒரு செய்தியை வேறொரு சர்வரிலுள்ள வரிசையில் போட்டுவிட்டு அது அடுத்த வேலைக்குப் போய்விடும். இந்த வரிசைதான் மெசேஜ் கியூ. அதிலிருந்து செய்தியை எடுத்து வேலையை முடிக்கும் புரோகிராமுக்கு கன்ஸ்யூமர் என்று பெயர்.

எடுக்கும் விதத்தில் தவறினால் ரசீது வராமலே போகலாம். இரண்டு முறையும் வரலாம். ரசீதுக்குப் பதில் பணப் பரிமாற்றமாக இருந்தால் நஷ்டம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். 2007ல் வெளிவந்த, இன்றும் பரவலாகப் பயன்படும் ராபிட்எம்கியூவை வைத்து இதைப் பார்ப்போம்.

இணைப்பு

தொலைவிலுள்ள சர்வருடன் 5672 போர்ட் வழியாக இணைகிறோம். டிஎல்எஸ் பாதுகாப்புடன் என்றால் 5671. சர்வருடன் வரும் 'கெஸ்ட்' யூசர், இயல்பாக அதே கணினியிலிருந்து மட்டுமே உள்ளே நுழைய முடியும். நம் கணினியில் ஓடிய புரோகிராம் வெளியிலிருந்து இணையும்போது மறுக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தனி யூசரை உருவாக்கி, அந்த கியூவைப் படிக்கும் அனுமதியை மட்டும் கொடுப்பது நல்லது.

எடுக்கும் இரு வழிகள்

'கெட்' முறையில் ஒவ்வொரு முறையும் நாமே கேட்டு ஒரு செய்தியை எடுக்கிறோம். கியூ காலியாக இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் இது வீண் அலைச்சல். 'கன்ஸ்யூம்' முறையில் ஒருமுறை பதிவு செய்தால் போதும். செய்தி வர வர சர்வரே அனுப்பும். தொடர்ந்து ஓடும் புரோகிராமுக்கு இதுவே ஏற்றது. 'பிரீஃபெட்ச்' அளவை 10 என்பது போல வைத்தால், ஒப்புதல் தராத 10 செய்திகளுக்கு மேல் நம்மிடம் குவியாது.

ஒப்புதல்

மிக முக்கியமானது இதுதான். தானியங்கி ஒப்புதலில், செய்தியை அனுப்பிய உடனேயே சர்வர் அதை நீக்கிவிடும். நடுவில் இணைப்பு அறுந்தாலோ புரோகிராம் நின்றாலோ அந்தச் செய்தி போனது போனதுதான். எனவே வேலையை முழுவதும் முடித்த பிறகு நாமே ஒப்புதல் அனுப்ப வேண்டும். அதற்கு முன் இணைப்பு அறுந்தால் செய்தி மீண்டும் வரிசைக்குத் திரும்பும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வேலையை முடித்து, ஒப்புதல் அனுப்பும் முன் இணைப்பு அறுந்தால் அதே செய்தி மறுபடியும் வரும். ஆகவே ஆர்டர் எண்ணை டேட்டாபேஸில் பதிந்து, ஏற்கெனவே முடித்த வேலையா என்று சரிபார்த்த பிறகே செய்ய வேண்டும். அமேசான் எஸ்கியூஎஸ்ஸிலும் இதே நிலைதான். அங்கே எடுத்த செய்தி இயல்பாக 30 விநாடி மறைந்திருக்கும். அதற்குள் நாம் நீக்காவிட்டால் மீண்டும் தென்படும்.

பிழையான செய்தி

எத்தனை முறை முயன்றாலும் தோல்வியடையும் செய்தியைத் திரும்பத் திரும்ப வரிசையில் போட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அத்தகைய செய்திகள் 'டெட் லெட்டர்' எனும் தனி வரிசைக்குப் போகும்படி அமைத்துவிட்டு, பிறகு நிதானமாக ஆராயலாம்.

கடைசியாக ஒரு சோதனை. புரோகிராம் ஒரு செய்தியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதை வலிந்து நிறுத்துங்கள். மீண்டும் இயக்கும்போது செய்தி திரும்பி வந்து, வேலையும் ஒருமுறை மட்டுமே நடந்திருந்தால், இனி அதை நம்பி ஓடவிடலாம்.